பழைய புல்லட்டை வீட்டிலேயே ஓட வைப்பது: முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

“கார்புரேட்டரை மட்டும் கிளீன் பண்ணா போதும் சார், ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆயிடும்.” ரொம்ப நாள் நின்றுபோன புல்லட்டை விற்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். உண்மையிலேயே அவ்வளவு சின்ன வேலை என்றால் அவரே அதை முடித்து, ஓட்டிக் காட்டி, இன்னும் நல்ல விலை கேட்டிருப்பார். அதனால் பேச்சைக் கேட்டுக்கொள்ளுங்கள், விலையை மட்டும் ஓடாத வண்டிக்கான விலையாகவே பேசுங்கள்.

இங்கே நான் பேசப்போவது ஒரே ஒரு வண்டியைப் பற்றி. பாயிண்ட் இக்னிஷன் (இரு உலோக முனைகள் பிரியும் நொடியில் பிளக்கில் நெருப்பு வரும் பழைய முறை), வலது காலில் கியர், இடது காலில் பிரேக், ஹெட்லைட் தலையில் ஆம்மீட்டர் (பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டும் முள்) என்று வந்த பழைய 350 புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை வந்தது. ரெடிச் ஆலையை 1967-ல் மூடிவிட்டார்கள். இங்கே மட்டும் அதே இன்ஜின், சின்னச் சின்ன மாற்றங்களோடு 2000-க்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. 346 சி.சி., 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 18 குதிரைத்திறன். ‘காஸ்ட் அயர்ன்’ என்று எல்லோரும் சொன்னாலும் சிலிண்டர்தான் வார்ப்பிரும்பு. மேலே இருக்கும் ஹெட்டும் கீழே கிராங்க் கேஸும் அலுமினியம். நட்டை முறுக்கும்போது இதை மறந்தால் மரை போய்விடும்.

இவ்வளவு நாள் ஓடிய டிசைன் என்பதால் ஸ்பேர் கிடைக்காத கவலை இல்லை. வேகமும் குறைவு, உள்ளே பாகங்களும் பெரிசு பெரிசாக இருக்கும், எது எதை ஓட்டுகிறது என்று கண்ணாலேயே புரிந்துகொள்ளலாம். முதல்முறை கை வைக்க இதைவிட நல்ல வண்டி இல்லை என்பது என் கருத்து.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகள் துருப்பிடித்து அழிவதைவிட, ஆசையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முழுசாகப் பிரித்து சாக்குப் பைக்குள் போட்டதால் அழிவதுதான் அதிகம். பிரிக்க ஒரு நாள் போதும். சேர்க்க மாதக்கணக்கில் ஆகும், நடுவில் பணம் தீரும், அப்புறம் சாக்கோடு எடைக்குப் போகும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் காகிதம், அடுத்து இன்ஜினை ஓட வைப்பது, பிறகு பிரேக், அதன்பின் வயரிங், எல்லாம் முடிந்த பிறகு பெயின்ட். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

காகிதம்

ஆர்.சி. இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது ஸ்பேருக்குத்தான் ஆகும்.

ஆர்.சி. இருந்தால் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் நீங்களே வண்டியில் படித்துப் பாருங்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தெளிவாக விழும். எண்ணைச் சுற்றி உளிக்குறியோ சாணை பிடித்த தடமோ தெரிந்தால் அங்கேயே விடைபெறுங்கள். இன்ஜின் நம்பர் மட்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ வேறு இன்ஜின் மாற்றியிருக்கிறார்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியவில்லை என்று அர்த்தம். அந்தச் சிக்கல் உங்கள் தலையில் வந்து விழும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்று, அதற்குப் படிவம் 28. எப்போதோ எடுத்த கடன் ஆர்.சி.யில் அப்படியே நிற்கிறது என்றால் படிவம் 35-இல் அந்த வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஃபைனான்ஸ் கம்பெனியே இப்போது இல்லாமல் போயிருக்கலாம்; வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். 15 ஆண்டு தாண்டிய பதிவைப் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தாமதித்த மாதங்களுக்குக் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். பசுமை வரி தனி.

50 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு, 2021-ல் வந்த விதிப்படி ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு விண்டேஜ் பதிவு எடுக்கலாம். அது 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி மாதிரியான காரியங்களுக்குத்தான். கடைக்கும் வேலைக்கும் ஓட்ட ஆசை என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இடமும் கருவியும்

மழை படாத, காற்று வரும், சமதளமான ஓர் இடம் வேண்டும். கார் நிறுத்தும் போர்ட்டிகோ போதும். சமையலறைக்கும் பூஜை விளக்குக்கும் தள்ளி இருக்கட்டும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து எட்டத்தில் இருக்கும் நெருப்பையும் தொட்டுவிடும்.

ஸ்பேனர் விஷயத்தில்தான் புதியவர்கள் திணறுவார்கள். பழைய புல்லட்டில் பல நட்டுகள் பிரிட்டிஷ் அளவு. 13-ம் 14-ம் போட்டுப் பார்த்தால் ஒன்று தளரும், ஒன்று நுழையாது. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அந்த பிரிட்டிஷ் அளவுக்கான விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். பல வண்டிகளில் நடுவில் கை வைத்த மெக்கானிக்குகள் பாதி போல்ட்டை மெட்ரிக்குக்கு மாற்றியிருப்பார்கள், அதனால் இரண்டு செட்டும் தேவைப்படும். கூடவே ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் தகடுகள்), சுத்தியால் தட்டிச் சுழற்றும் இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர், ஒரு மல்டிமீட்டர், கம்பி பிரஷ், நிறைய பழைய துணி.

இறுகிய நட்டுக்கு டீசலும் ஆட்டோ டிரான்ஸ்மிஷன் ஆயிலும் கலந்து, மாலையில் ஊற்றிவிட்டு மறுநாள் வாருங்கள். வரவில்லையா, மறுபடி ஊற்றிவிட்டு அடுத்த நாள். புல்லட்டில் உடைந்த போல்ட்டுகளில் பெரும்பாலானவை அவசரத்தில் உடைந்தவை.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் படம் எடுங்கள். கிளட்ச் கேபிள் டேங்குக்கு எந்தப் பக்கமாகப் போகிறது என்பது ஆறு மாதம் கழித்து உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நட்டையும் வாஷரையும் அந்தந்த ஸ்டட்டிலேயே திரும்ப மாட்டி வைப்பது டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டுவதைவிட நல்ல பழக்கம்.

இன்ஜின் சுற்றுகிறதா?

முதலில் கிக்கரை மிதிக்காதீர்கள். பத்து வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்கு சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் எகிறி மிதித்தால் கிக்கர் ராட்செட்டின் பல் போகும், கேஸே விரிசல் விடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். துளை வழியாக டீசல் கலவையைக் கொஞ்சம் ஊற்றி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். அதற்குள் ஏர் ஃபில்டரையும் சைலென்சர் வாயையும் பார்த்துவிடலாம். நம்மூரில் நின்ற வண்டிகளில் சைலென்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி பஞ்சு சேர்த்து வைத்திருக்கும். ஒரு கம்பியால் கிளறி எடுத்துவிடுங்கள்.

பிறகு வண்டியை மெயின் ஸ்டாண்டில் ஏற்றி, நாலாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுற்ற வைக்க வேண்டாம், ஆட்டினால் போதும். கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால்தான் ஹெட்டைக் கழற்றும் பேச்சு.

சக்கரம் சுற்றினால் இன்ஜினும் கூடவே சுற்ற வேண்டும். அதன்பின் கிளட்ச் லீவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கிக்கரை அழுத்துங்கள். கிளட்ச் பிடித்திருக்கும்போது கிக்கர் லேசாக இறங்க வேண்டும். இன்ஜினும் சேர்ந்து சுற்றினால் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லீவரைப் பிடித்தபடியே திரும்பத் திரும்ப மிதித்தால் அநேகமாக விட்டுவிடும்.

அடுத்தது கம்ப்ரஷன். இதற்குக் கேஜ் வேண்டாம். பிளக்கை மாட்டி, டீகம்ப்ரஸர் லீவரை (சிலிண்டரில் அழுத்தமான காற்றை வெளியே விட்டுக் கிக்கரை இலகுவாக்குவது) தொடாமல், கிக்கரின்மேல் உங்கள் எடையை மெதுவாக இறக்குங்கள். நல்ல இன்ஜின் என்றால் ஒரு கட்டத்தில் உங்களைத் தாங்கி நிறுத்தி, சில நொடி கழித்து மெல்ல இறங்கவிடும். நின்ற மாத்திரத்தில் பொதுக்கென்று இறங்கினால் காற்று எங்கோ கசிகிறது. பிளக் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது தாங்கினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. அப்போதும் தாங்கவில்லை என்றால் வால்வு. அல்லது டீகம்ப்ரஸரே சரியாக மூடாமல் இருக்கும். டீகம்ப்ரஸர் கேபிள் இறுக்கமாக இருந்து வால்வைக் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பது சகஜம். அதைத் தளர்த்திப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள்.

ஆயில்

புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாக இல்லை. கிராங்க் கேஸுக்குப் பின்னாலேயே ஓர் அறையாக இருக்கிறது. அங்கிருந்து ஒரு பம்ப் ஆயிலைக் கிராங்குக்கு அனுப்பும், இன்னொரு பம்ப் கீழே வடிந்ததைத் திரும்ப எடுக்கும். வண்டி நீண்ட நாள் நிற்கும்போது பம்பின் இடுக்கு வழியாக டேங்க் ஆயில் மெல்ல கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் தெருவே தெரியாத அளவு வெண்புகை வரும். புதியவர்கள் பயந்துபோய் ரிங்கு போச்சு என்று இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள்.

ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன் அடியில் இருக்கும் எல்லா டிரெயின் பிளக்கையும் திறந்து, பழைய ஆயிலை முழுக்க வடியுங்கள். வந்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். கருப்பாக இருந்தால் பரவாயில்லை. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தால் பேரிங் அல்லது பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்) தேய்கிறது. அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், நேராகப் பிரிக்கும் வேலைக்குப் போங்கள்.

ஃபில்டரை மாற்றி, ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர் 20டபிள்யூ50 ஆயில் ஊற்றுங்கள். பிளக் இல்லாமல் கிக்கரை நிதானமாகப் பல தடவை மிதித்து, ஹெட்டில் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அங்கே ஆயில் கசிந்து வந்தால் பம்ப் வேலை செய்கிறது. வராமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

பெட்ரோல்

டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பாகத் துருப்பொடி மட்டும் என்றால் வீட்டிலேயே சரி செய்யலாம். பெட்ரோலை முழுக்க வடித்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, பெட்ரோல் டேப்பைக் கழற்றித் துளையை அடையுங்கள். வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் உப்பு கரைத்து டேங்க் நிறைய ஊற்றி, ஒரு நாள் வைத்து வடியுங்கள். துரு தடிப்பாக இருந்தால் ஒரு கைப்பிடி சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்க வேண்டும். போட்ட நட்டை எண்ணிக்கொள்ளுங்கள், அத்தனையும் வெளியே வர வேண்டும். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல வெயிலில் காய வைத்து, உடனே உள்ளே கொஞ்சம் ஆயிலும் பெட்ரோலும் கலந்து சுழற்றிவிடுங்கள். ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி துரு. டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் பற்றவைக்கக் கூடாது. காலி டேங்கில் மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும். அதற்கென்றே டேங்க் வேலை செய்கிறவரிடம் கொடுங்கள்.

கார்புரேட்டர் மிக்கார்ப். ஜப்பானிய மிக்குனி வகையில் இங்கே செய்தது. உள்ளே பெட்ரோல் காய்ந்து கோந்து மாதிரி ஒட்டியிருக்கும். மெயின் ஜெட், பைலட் ஜெட், ஊசி, ஃப்ளோட் எல்லாவற்றையும் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊற வைத்து, பஞ்சர் கடையில் காற்றடித்துத் துளை ஒவ்வொன்றையும் ஊதிவிடுங்கள். பைலட் ஜெட் துளை மிக நுண்ணியது, பெரும்பாலான ‘ஐடிலிங் நிற்கவில்லை’ புகார் அங்கேதான் இருக்கும். அதில் இரும்புக் கம்பியைவிட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மின்வயரின் உள்ளே இருக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும். ஸ்லைடு உள்ளே கடகடவென்று ஆடினால் கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது, கழுவிப் பயனில்லை.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். அதனால் பெட்ரோல் பைப், டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் புதியதாக மாற்றிவிடுங்கள். செலவு சொற்பம்.

நெருப்பு

பாயிண்ட் மூடியைக் கழற்றுங்கள். பாயிண்ட்டின் இரு முகமும் கருத்திருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, பெட்ரோல் நனைத்த தாளால் துடையுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புதிது போடுங்கள், கூடவே கண்டென்சரையும். முழுக்கத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. அதன் கீழே இருக்கும், வேகம் ஏறும்போது நெருப்பை முன்கூட்டியே வரவைக்கும் அட்வான்ஸ் வெயிட்டுகள் துருவில் இறுகிப்போயிருக்கும்; கையால் திருப்பிவிட்டால் ஸ்பிரிங் தானாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை, பிறகு வண்டி இழுக்கவில்லை என்று கார்புரேட்டரைத் திட்டுவார்கள்.

டைமிங்குக்கு: பிளக் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு பிஸ்டன் உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்காக இருக்க வேண்டும், அதாவது இரண்டு வால்வும் மூடிய நேரம். அட்வான்ஸ் வெயிட் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சத்தைத் தொட சுமார் 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கும் நொடியை அறிய ஆம்மீட்டரே போதும். பேட்டரி நல்ல நிலையில், சாவி போட்டிருக்கையில், பாயிண்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும், திறந்தவுடன் நடுவுக்கு வரும். டைமிங் அதிகம் முன்னால் போனால் கிக்கர் திருப்பி அடிக்கும். புல்லட் திருப்பி அடித்துக் கணுக்கால் போனவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். ஷூ போடாமல் கிக் அடிக்காதீர்கள்.

டேப்பெட்டையும், அதாவது வால்வைத் தள்ளும் புஷ் ராடின் இடைவெளியையும், இப்போதே பார்த்துவிடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். புஷ் ராட் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். ஃபீலர் கேஜ் வேண்டியதில்லை.

முதல் கிக்

டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை சும்மா மிதியுங்கள். சோக் போட்டு, சாவியைப் போடுங்கள். டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கர் இறுகும் இடம் வரை மெதுவாக அழுத்துங்கள். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும், டீகம்ப்ரஸரைப் பிடித்து ஒரு துளி மட்டும் தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிடுங்கள். இப்போது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஒரே நீள மிதி. பலம் முக்கியமில்லை, கடைசி வரை மிதிப்பதுதான் முக்கியம். வேடிக்கை பார்க்க வரும் பக்கத்து வீட்டுக்காரர் “கொடுங்க தம்பி, நான் அடிக்கிறேன்” என்பார். அவர் செருப்புக் காலோடு வந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஓடியதும் ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். மேலே டிக்டிக் என்பது டேப்பெட், பயமில்லை. சிலிண்டரில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வந்து சூட்டில் மறையும் தட்டல் பிஸ்டன், கொஞ்ச நாள் ஓட்டலாம். கீழிருந்து, லோடு கொடுக்கும்போது வரும் கனத்த ‘தொம் தொம்’ பிக் எண்ட். உடனே அணைத்துவிடுங்கள்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால்

ஹெட்டும் சிலிண்டரும் கழற்றுவது வீட்டில் முடியும். வால்வு பேஸ்ட் போட்டு வால்வைக் கையால் தேய்த்து உட்கார வைப்பதும் முடியும். சீட்டில் ஒரே சீரான சாம்பல் நிற வளையம் வரும்வரை தேய்த்து, பேஸ்ட்டை மிச்சமில்லாமல் கழுவுங்கள்.

சிலிண்டர் போர் அடிப்பது லேத் வேலை. போர் அடித்துவிட்டு பிஸ்டன் தேடாதீர்கள். முதலில் பிஸ்டனை வாங்கி, அதையும் சிலிண்டரையும் சேர்த்துக் கொடுத்து, இந்த பிஸ்டனுக்கு ஏற்றபடி அடியுங்கள் என்று சொல்லுங்கள். ஸ்டாண்டர்டுக்குப் பிறகு 20, 40, 60 என்று (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஓவர்சைஸ் வரும். பழைய பிஸ்டன் தலையைச் சுரண்டினால் ஏற்கெனவே எத்தனை முறை அடித்திருக்கிறார்கள் என்று தெரியும். 60-ம் தாண்டிவிட்டால் ஸ்லீவ் போட வேண்டும் அல்லது வேறு சிலிண்டர். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளி 0.3 மி.மீ. அளவில் இருக்கிறதா என்று நீங்களே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள்.

சிலிண்டர் கழன்றிருக்கும்போது கனெக்டிங் ராடை நேராக மேலே பிடித்து இழுத்து அழுத்துங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. ஆடினால் கிராங்கை வெளியே எடுத்து, பிரஸ் போட்டு, புது பிக் எண்ட் வைத்து, கிராங்கின் இரு ஃப்ளைவீலும் ஒரே நேர்கோட்டில் சுற்றும்படி சரிபார்க்க வேண்டும். இதை வீட்டில் செய்ய முடியாது. புல்லட் கிராங்குக்கென்றே பெயர் எடுத்தவர் உங்கள் ஊரில் யார் என்று நாலு புல்லட் மெக்கானிக்கிடம் கேளுங்கள். மூன்று பேர் சொல்லும் பெயரிடம் போங்கள்.

வலது பக்க டைமிங் கவரைத் திறக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஆயில் பம்பைச் சுற்றும் வார்ம் நட்டு இடது மரை. வழக்கமான பக்கம் திருப்பி வலுக்கட்டாயம் செய்தால் கிராங்க் முனையே சேதமாகும். அடுத்து, கவரிலிருந்து கிராங்குக்குள் ஆயில் போகும் இடத்தில் ஒரு சின்னஞ்சிறு சீல் இருக்கிறது. அதை விட்டுவிட்டாலோ, கேஸ்கெட்டில் ஆயில் துளையைப் பசையால் அடைத்துவிட்டாலோ புது பிக் எண்ட் சில நூறு கிலோமீட்டரில் போய்விடும். கேஸ்கெட் பசையை அள்ளிப் பூசுகிற கை புல்லட்டுக்கு ஆகாது.

பிரேக், சக்கரம்

பிரேக் டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறியுங்கள். ஷூவில் ஆயில் ஏறியிருந்தால் கழுவிப் பயன்படுத்த முடியாது, மாற்றுங்கள். கேபிள் எல்லாமே புதிது போடுங்கள்.

டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயது முக்கியம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். எண்ணே மூன்று இலக்கமாக இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். 3.25-19 அளவில் புது டயரும் டியூபும் எளிதாகக் கிடைக்கும். ஸ்போக்கை ஒரு ஸ்பேனரால் வரிசையாகத் தட்டுங்கள். மந்தமாகச் சத்தம் கொடுப்பது தளர்ந்தது. ரிம் கோட்டம் எடுப்பதை அதற்கென்று இருக்கும் கடைக்காரரிடம் விட்டுவிடலாம்.

வயரிங்

எலி கடித்த, வெயிலில் மொறுமொறுத்த பழைய வயரிங்கில் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். ஹார்னஸ் முழுசாகவே கிடைக்கிறது. அதற்கு முன் உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பேட்டரியின் எந்த முனை எர்த் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய வண்டிகளில் பிளஸ் எர்த் இருக்கலாம். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்யூஸ் சேருங்கள். எர்த் வயர் சேஸிஸில் தொடும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து மாட்டினால், விளக்கு மங்கல், ஹார்ன் முனகல் என்ற பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெயின்ட்

வண்டி ஓடி, நின்று, விளக்கு எரிந்த பிறகுதான் இந்தப் பேச்சு. அதுவும் எனக்கு இரண்டு மனம்தான். திருவொற்றியூரிலிருந்து வந்த பெயின்ட்டும் டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடும் பாதியாவது மிஞ்சியிருந்தால், ரப்பிங் காம்பவுண்டும் மெழுகும் போட்டு அப்படியே வைத்துக்கொள்வதுதான் என் தேர்வு. புது பெயின்ட் எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், பழையது போனால் போனதுதான். எல்லாவற்றுக்கும் குரோம் ஏற்றி ஜிகுஜிகுவென்று நிறுத்தும் வழக்கம் எனக்கு ஒத்துவரவில்லை. உங்கள் வண்டி, உங்கள் விருப்பம்.

அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் எல்லாப் பாகத்தையும் பெயின்ட்டுக்கு முன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். டூப்ளிகேட் மட்கார்டின் துளை ஒருபோதும் நேராக உட்காராது; பெயின்ட் அடித்த பிறகு அதை அரம் போட்டு ராவுவது கொடுமை. ஹார்ட்னர் கலக்கும் டூ-கே பெயின்ட்டைச் சாதாரணத் துணி மாஸ்க்கோடு வீட்டில் ஸ்ப்ரே செய்யக் கூடாது, அதன் ஆவி ஆபத்தானது. டிங்கரிங், பட்டி, தேய்ப்பு வரை நீங்கள் செய்து, கடைசிக் கோட்டை பூத் உள்ள இடத்தில் கொடுங்கள். நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

ஸ்பேர் வாங்கச் சென்னையில் ஜி.பி. ரோடு, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். கடையில் ‘புல்லட்டுக்கு எல்லாம் ஒண்ணுதான்’ என்பார்கள். ஒன்றில்லை, ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது.

ஓட்டும்போது

முதல் ஓட்டம் வண்டி வராத தெருவில். வலது காலால் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பதற்றத்தில் உங்கள் வலது கால் பிரேக்கைத் தேடி கியரை மிதிக்கும், ஆகவே முதல் சில நாள் முன் பிரேக்கை நம்பி மெதுவாகப் போங்கள். குதிகாலால் மிதிக்கும் நியூட்ரல் ஃபைண்டர் இருக்கிறது, சிக்னலில் கை கொடுக்கும். முதல் கியரிலிருந்து மட்டும் அது வேலை செய்யாது.

புது பிஸ்டன் போட்டிருந்தால் முதல் 500 கி.மீ. வரை 40, 45-ஐத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நீளமாக இழுக்காமல், இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுங்கள். உயர் கியரில் திணறவிடவும் கூடாது. 500-ல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஹெட் நட்டை மறுபடி முறுக்கிப் பார்த்து, அதற்குப் பிறகு டேப்பெட்டைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு எல்லா நட்டின்மேலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், புல்லட்டின் அதிர்வில் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் நிறுத்த வேண்டியிருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றி, சைலென்சர் வாயில் ஒரு துணியைச் செருகிவிட்டுப் போங்கள்.